இவர் மறைந்துவிட்டாரா?

போன வாரம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்த பெண். கெட்டிக்காரிதான். ஆனால் கண்ணில் படுவதை எல்லாம் எடுத்துவிடலாமா என்று கேட்பாள்.

"மேடம், நம்ம சாஃப்ட்வேர்ல மொத்தத்துக்கும் ஒரே ஒரு கேள்விப் பெட்டிதான் இருக்கு. பேர் மேல விளக்கு ஸ்டைலைப் போட்டா, 'இவர் மறைந்துவிட்டாரா?'ன்னு கேக்குது. புதுசா வாங்கறவங்க பயந்துடறாங்க. எதுக்கு வெச்சதுன்னு இங்க யாருக்கும் தெரியல. எடுத்துடலாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு உரக்கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கீழே யூரியா மூட்டைகள், மேலே நாங்கள். தமிழில் அடித்து, அழகுபடுத்தி, அச்சுக்கு அனுப்புகிற மென்பொருள் ஒன்றைச் செய்துவந்தோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, தீமிதி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தில் அச்சாகிற எல்லாம் பெரும்பாலும் எங்கள் மென்பொருளில்தான் உருவாகும். நான் நைனார்பாளையத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்தேன், வேலை தேடினேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். அதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான், விட்டுவிடலாம்.

என் வேலை முகப்பு வடிவமைப்பது. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அழுத்தினால் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது. அதிலும் நான் மாட்டிக்கொண்டது எழுத்துப் பாணிகளில். பாணி என்றால் எழுத்துக்குப் போடுகிற உடுப்பு, அவ்வளவுதான். 'பெயர்' என்ற பாணியைப் போட்டால் எழுத்து தடித்து அரக்கு நிறமாகும். 'பெரியவர்' என்பதைப் போட்டால் ஒரு சுற்றுப் பெருக்கும். 'படிப்பு' என்பதைப் போட்டால் பெயருக்குப் பின்னால் வருகிற பி.ஏ., பி.எட். எல்லாம் ஒடுங்கி உட்காரும். ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை வேண்டுமானாலும் போடலாம். மார்கழியில் கல்வராயன் மலைக்குப் போகிறவர் பனியன் மேல் சட்டை, சட்டை மேல் ஸ்வெட்டர் என்று போட்டுக்கொள்கிற மாதிரி. போடுவது சுலபம். கழற்றுவதில்தான் வம்பே இருக்கிறது. ஸ்வெட்டர் அப்படியே இருக்க, உள்ளே இருக்கிற பனியனை மட்டும் எப்படிக் கழற்றுவது? இதற்கு ஒரு வழி செய்வதிலேயே என் உத்தியோக காலத்தில் பாதி போய்விட்டது. சிரிக்காதீர்கள், சம்பளம் கொடுத்தார்கள்.

எங்களுக்கு மேலே இருந்தவர் சபாபதி சார். ஒல்லியான மனிதர், மடித்த கைச் சட்டை, சிரித்தால் பொறுப்பு போய்விடும் என்பது போன்ற முகம். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. நாங்கள் வரைந்ததைத் திரையில் பார்ப்பார், பக்கவாட்டில் பார்ப்பார், எழுந்து போய் ஜன்னல் ஓரமாக நின்று பார்ப்பார். பிடிக்காவிட்டால் காரணங்களை அடுக்குவார். பிடித்துவிட்டால் ஒரே சொல்தான்: "இருக்கட்டும்." அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் வாரக்கணக்கில் உயிரை விட்டிருக்கிறோம்.

அவருக்கு ஜென்ம விரோதி ஒன்று உண்டு. எதையாவது அழுத்தியதும் எழும்பி நின்று "நிச்சயமாகவா?" என்று கேட்கிற பெட்டி. அதை எந்தத் திரையிலும் வைக்க விடமாட்டார். "சாப்ட ஒக்காந்தவன் கையப் புடிச்சி, நெஜமா சாப்டப் போறியான்னு கேப்பியா? கேட்டா அடிப்பானா மாட்டானா?" என்பார். தவறு செய்தால் திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டுமே தவிர, கேள்வி கேட்டு மனிதரை அவமானப்படுத்தக் கூடாது என்பது அவர் கட்சி.

அவருடைய இன்னொரு சட்டம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். புதிதாக ஒன்றைச் செய்து முடித்ததும், அதைப் பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்து வேலை செய்ய வைத்து, நாங்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்த இடத்தில் அவர் கை தயங்கி நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கை நிற்கிற இடத்தில் எங்கள் தவறு இருக்கிறது என்று அர்த்தம். உதவி செய்யக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது, வாயே திறக்கக் கூடாது.

வாய் திறக்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமா? "அண்ணே, அது இல்ல, பக்கத்துல" என்று எங்களில் யாராவது சொல்லித் தொலைத்துவிடுவோம். சார் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"ஆளுக்கு ஒரு வாய் ஊத்திக்கங்க. முழுங்கக் கூடாது. அவரு முடிக்கற வரைக்கும் வாயிலயே இருக்கணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். முதல் வாயை அவரே ஊற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அதுதான் முறை. ஆள் உட்கார்ந்ததும் நாங்கள் கன்னம் உப்பிக்கொண்டு பின்னால் வரிசையாக உட்காருவோம். தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். பார்க்க வந்தவர்கள் எங்களுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் பல்வலி என்று நினைத்துப் போனதுண்டு.

ஒருமுறை சாரும் நானும் வெள்ளிமலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, வளைந்து வளைந்து ஏறுகிற பேருந்தில், மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு. மலை மேலே ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை நடத்திவந்த பாப்பாத்தி என்ற பெண்ணிடம், திரையோரத்தில் பாணிகளைக் காட்டுகிற புதிய பலகையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது சாரின் ஆசை. அவர் ஊர்த் திருவிழா நோட்டீஸைத் திறந்து உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் பின்னால் தண்ணீரோடு உட்கார்ந்தோம்.

"சார், இந்தப் பேர்ல இப்ப இன்னா இன்னா போட்டிருக்குன்னு எங்க பாக்கறது? கடைசியா போட்டது ஒண்ணுதான காட்டுது?"

நாங்கள் பேசவில்லை.

"எக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் விழித்தேன். பாப்பாத்தி திரும்பி எங்கள் இருவர் கன்னத்தையும் பார்த்தார். "ஐயய்யோ, மௌன விரதமா? முன்னாடியே சொல்லக் கூடாதா!" என்று கணினியை அணைத்துவிட்டு எழுந்து ஓடினார். திரும்பி வரும்போது ஒரு தட்டு நிறையப் பலாச்சுளையும், பக்கத்து வீட்டு ஜனங்களும் வந்தார்கள். விரதக்காரர் வீடு தேடி வந்தது நல்ல சகுனம் என்று ஒரு கிழவர் சாரின் காலைத் தொட்டுவிட்டார். சார் பதறி வாயில் இருந்ததை விழுங்கி, புரையேறி, மலை முழுக்கக் கேட்கும்படி இருமினார். பலாச்சுளை மட்டும் அருமையாக இருந்தது.

ஆனால் அந்தப் பெண் கேட்ட கேள்வியைச் சார் மறக்கவில்லை. எங்கள் பலகை மேலே போட்ட பாணியை மட்டும்தான் காட்டும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டாது. இதை மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் வைத்தோம். மலையில் ஒருவருக்கு வந்த சந்தேகம்தானே, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் முடிவாயிற்று.

அடுத்த பதிப்பு வருவதற்குள் சாரின் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

இங்கே சாரின் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாரின் மனைவி ராஜேஸ்வரி அக்காவின் தம்பி கலியமூர்த்தி. வடக்கனந்தலில் கரும்பும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. வாட்டசாட்டமான ஆள், சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். தேன்மொழியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவருக்கும் சாருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு காதுகுத்தில் யாரோ, உங்க மாமா இன்னா வேலை பாக்கறாருன்னு கேட்டிருக்கிறார்கள். இவர், "எழுத்துக்குப் பவுடர் பூசறாரு" என்று சொல்லிவிட்டார். பந்தியே சிரித்தது. சார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். இரண்டு பேரில் ஒருவர் இறங்கி வந்திருந்தால் முடிந்திருக்கும், யாரும் வரவில்லை.

பேச்சு இருக்கிறதோ இல்லையோ, பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லாமல் முடியுமா? பெண்ணின் தாய்வழித் தாத்தா தங்கவேலு, காலமாகிவிட்டவர். அவருக்கு அடுத்த வரியில் கலியமூர்த்தி. எங்கள் ஊர் அச்சகங்களில் ஒரு வழக்கம் உண்டு. சுபப் பத்திரிகையில் 'லேட்' என்று போடுவது அபசகுனம் என்று, இறந்தவர் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன விளக்குப் படம் வைத்து, பெயரைச் சாம்பல் நிறத்தில் போட்டுவிடுவார்கள். உயிரோடு இருப்பவர் பெயருக்கு முன்னால் பூ, அது 'பெயர்' பாணியோடு சேர்ந்தே வரும். பார்க்கிற எல்லோருக்கும் புரியும். அந்த வழக்கத்துக்காகவே நாங்கள் 'மறைந்தவர்' என்று ஒரு பாணி செய்து வைத்திருந்தோம். ஒரு சொடுக்கு, விளக்கும் சாம்பலும் வந்துவிடும்.

சார் என்ன செய்தார் தெரியுமா? மகள் கல்யாணப் பத்திரிகையையே சோதனை வேலையாக வைத்துவிட்டார். "பொய் வேலையைக் குடுத்தா பொய்யாதான் செய்வாங்க. நெஜ வேலையைக் குடுக்கணும்" என்பது அவர் கொள்கை. அச்சகம் வைத்திருந்த தனசேகர் எங்கள் மென்பொருளுக்கு அப்போதுதான் மாறியிருந்தார். அவரை உட்கார வைத்து, கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு, நானும் சாரும் ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக்கொண்டோம்.

தனசேகர் தங்கவேலு பெயரை அடித்தார். மறைந்தவர் பாணியைப் போட்டார். விளக்கு வந்தது. அடுத்த வரிக்கு இறங்கிக் கலியமூர்த்தி என்று அடித்தார். அதுவும் சாம்பலாக வந்தது. முந்தைய எழுத்தின் உடுப்பைப் புதிய எழுத்தும் போட்டுக்கொண்டுவிடும், அப்போதைய பதிப்பில் அப்படித்தான். தனசேகரின் கை நின்றது. "இன்னாடா இது" என்று தனக்குள் முனகினார். பிறகு பெயரைத் தேர்ந்தெடுத்து, மேலே 'பெயர்' பாணியைப் போட்டார். எழுத்து அரக்கு நிறமானது. திருப்தியாக அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

சாம்பல் சட்டை மேல் அரக்குச் சட்டை. உள்சட்டை உள்ளேயே இருந்தது, விளக்கோடு. விளக்கு இருக்கிற இடத்தில் பூ வராது. முழுப் பத்திரிகையும் திரையில் தெரிகிற அளவுக்குச் சுருக்கி வைத்திருந்ததால் பூவும் விளக்கும் ஒரே மாதிரி, கடுகளவுப் புள்ளி.

நான் சாரைப் பார்த்தேன். அவர் கண் பளபளத்தது. கை நின்ற இடம் கிடைத்துவிட்டதே! கன்னம் உப்பியபடியே சந்தோஷமாகக் குறித்துக்கொண்டிருந்தார். அது தன் மகளின் கல்யாணப் பத்திரிகை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பிறகு மாதிரிப் படி எடுத்துப் பார்த்தபோதும் எழுத்துப் பிழைதான் தேடினார்கள். பூவா விளக்கா என்று யார் தேடுவார்கள்?

பத்திரிகை அச்சாகி ஊரெல்லாம் போயிற்று. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ராஜேஸ்வரி அக்கா ஆபீஸ் படி ஏறி வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. சாரின் மேஜை மேல் பத்திரிகையைப் போட்டார்.

"எந்தம்பிய சாவடிச்சிட்டியேய்யா!"

சார் பத்திரிகையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். கலியமூர்த்தி பெயருக்கு முன்னால் விளக்கு.

வடக்கனந்தலில் நடந்ததை அக்கா சொன்னார். ரிஷிவந்தியத்திலிருந்து தூரத்துச் சொந்தம் இரண்டு பேர் மாலையோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். கலியமூர்த்தி தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு எதிரே வந்திருக்கிறார். ஒருவர் மாலையைப் போட்டுவிட்டு ஓடியேவிட்டாராம். இதில் உச்சம் என்னவென்றால், சார் வேண்டுமென்றே செய்தார், பந்தியில் சிரித்ததற்குப் பழி வாங்கினார் என்று ஊரே பேசுகிறது.

"கல்யாணத்துக்கு வருவியாடான்னு கேட்டேன். செத்தவன் எப்டிக்கா சீர் எடுத்துகினு வருவான்றான். தேனு ஒரே அழுவை. மாமா பட்டம் கட்டாம மணவறைல ஒக்கார மாட்டேங்குது."

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் தாய்மாமன். அவர் இல்லாமல் செய்தால் செய்துவிடலாம், ஆனால் காலத்துக்கும் குறை. தேன்மொழிக்கு அது வெறும் குறைகூட இல்லை, அந்த மாமா இல்லாமல் கல்யாணமே இல்லை. சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. தப்பு நடந்த விதத்தை நேரில் காட்டினால் நம்புவார்கள் என்று நான்தான் சொன்னேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் வடக்கனந்தலுக்குப் பேருந்து ஏறினோம்.

கலியமூர்த்தி டிராக்டர் கொட்டகை நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அஞ்சலை எங்களைப் பார்த்ததும் சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தார். மரியாதை அதோடு சரி.

"வாங்க. கருமாதிக்கு வந்தீங்களா? எம்மாம் பேரு வந்து போறாங்க தெரியுமா? சாவுக்கு வந்தவங்களுக்கு இந்த ஆளே டீ போட்டுக் குடுக்கறாரு."

கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாமா, ஒரு வார்த்த வெளாட்டா சொன்னேன். அதுக்கு ஆளையே முடிச்சிடுவீங்களா?"

சார் விளக்க ஆரம்பித்தார். மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது. பாணி, அடுக்கு, முந்தைய எழுத்தின் பாணி அடுத்த எழுத்துக்கும் தொடர்வது என்று வகுப்பு எடுத்தார். கலியமூர்த்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப, எங்க அப்பா பக்கத்துல நின்னா நானும் செத்துடுவனா?"

எங்கள் மென்பொருளின் கோளாறை அவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. சார் மடிக்கணினியைத் திறந்து கட்டிலில் வைத்தார். "மச்சான், நான் பேசினா நம்ப மாட்டே. நீயே ஒக்காரு. நீயே ஒன்னை எழுப்பு."

கலியமூர்த்தி தோளில் இருந்த துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவர் கணினி முன் உட்கார்ந்ததும் சாரின் கை தானாகச் சொம்புக்குப் போயிற்று. ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். எனக்கும் பழக்க தோஷம், நானும் ஊற்றிக்கொண்டேன். அஞ்சலை எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

கலியமூர்த்தி ஒற்றை விரலால் நிதானமாக வேலை செய்தார். தன் பெயருக்கு மேல் 'பெரியவர்' பாணியைப் போட்டார். பெயர் பெருத்தது, கூடவே விளக்கும் பெருத்தது. அதை நீக்கினார். பெயர் பழையபடி ஆயிற்று, விளக்கு அசையவில்லை. "பிடிவாதமா எரியுதே" என்றார். பிறகு இரண்டு பெயர்களையும் சேர்த்து இழுத்துத் தேர்ந்தெடுத்து, 'நீக்கு' பொத்தானை அழுத்தினார்.

எங்கள் 'நீக்கு' மேலே இருக்கிற பாணியை மட்டும் நீக்கும். தங்கவேலுவுக்கு மேலே இருந்தது விளக்கு, அது போய்விட்டது. கலியமூர்த்திக்கு மேலே இருந்தது அரக்குச் சட்டை. அது போய், உள்ளே இருந்த சாம்பல் வெளியே வந்தது.

கலியமூர்த்தி திரையை உற்றுப் பார்த்தார். பிறகு கொட்டகை அதிரக் கத்தினார்.

"அடியே அஞ்சல! எங்கப்பாரு எழுந்துட்டாருடி! நான்தான் எழுந்திரிக்கல!"

சார் எவ்வளவோ அடக்கினார். கன்னம் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. வெள்ளிமலையைத் தவிர அத்தனை வருஷம் காத்த சட்டம் அந்தக் கொட்டகையில் உடைந்தது. வாயில் இருந்த தண்ணீர் முழுவதும் பீய்ச்சி அடித்து மச்சானின் முகத்தில் விழுந்தது. நான் வெளியே ஓடி வேலியோரம் துப்பிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

திரும்பி வந்தபோது கலியமூர்த்தி முகத்தில் தண்ணீர் சொட்ட அப்படியே உட்கார்ந்திருந்தார். சார் தன் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு நிற்கவில்லை. சாரின் பற்களை நான் அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

"மூஞ்சில தண்ணி தெளிச்சி எழுப்பிட்டாரு எங்க மாமா" என்றார் கலியமூர்த்தி. அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சோறு வைக்க உள்ளே போனார்.

பத்திரிகையை மறுபடி அச்சடிக்க நேரமில்லை. கலியமூர்த்தி அதற்கு வழி சொன்னார். மாமாவும் மச்சானும் ஒரே மொபெட்டில் ஊர் ஊராகப் போனார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கலியமூர்த்தி இறங்கி, "பத்திரிகைல செத்தவன் நான்தான். அவசியம் கல்யாணத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வார். அந்த வட்டாரத்தில் அவ்வளவு கூட்டம் வந்த கல்யாணம் வேறு இல்லை. செத்தவர் பட்டம் கட்டுவதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாளே சார் ஆபீசுக்கு வந்துவிட்டார். மேலிடத்தில் இம்முறை யாரும் வாய் திறக்கவில்லை. பலகையை நான் புதிதாக வரைந்தேன். ஒரு பெயரைத் தொட்டால் அது போட்டிருக்கும் பாணிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டைகளாகத் தெரியும். எந்தப் பட்டையை வேண்டுமானாலும், நடுவில் இருப்பதைக்கூட, தனியாக உருவி எடுக்கலாம். எடுப்பதற்கு முன், அது இல்லாவிட்டால் பெயர் எப்படி இருக்கும் என்று சுட்டியை வைத்ததுமே காட்டும். மறைந்தவர் பாணி மட்டும் அடுத்த வரிக்குத் தொடராது. வெள்ளிமலைக்கும் எடுத்துப் போனோம். பாப்பாத்தியின் கை எங்கேயும் நிற்கவில்லை. இம்முறை விரதம் இல்லையா என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் சார் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "அந்த விளக்குக்கு மட்டும் ஒரு கேள்விப் பெட்டி வெச்சிடும்மா."

அவர் வாயிலிருந்து இது வருமென்று நான் நினைக்கவில்லை. 'மறைந்தவர் பாணியை இட வேண்டுமா?' என்று எழுதிக்கொண்டு போனேன். ஜன்னல் ஓரமாகப் போய் நின்று பார்த்தார்.

"பாணியைப் பத்திக் கேக்காத. ஆளைப் பத்திக் கேளு."

'இவர் மறைந்துவிட்டாரா?' என்று மாற்றினேன். கீழே 'ஆம்', 'இல்லை'. வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும்."

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன ஐப்பசி மழையில் கலியமூர்த்தி நிஜமாகவே போய்விட்டார். மார்வலி என்று படுத்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ராஜேஸ்வரி அக்கா எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அழுதேன். அப்படிச் சிரிக்கிற மனிதர் போய்விட்டார் என்பதை மனசு ஏற்கவில்லை.

சுவரொட்டி அடிப்பதற்காகச் சாரைக் கூட்டிக்கொண்டு நான்தான் தனசேகரின் அச்சகத்துக்குப் போனேன். சாருக்கு இப்போது நடை தள்ளாடுகிறது. தனசேகர் எழுந்து நின்றார்.

"நீங்க குந்துங்க சார், நான் அடிச்சித் தரேன்."

"நவுரு. நான் போடறேன்" என்று சார் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கலியமூர்த்தி என்று அடித்தார். பெயரைத் தேர்ந்தெடுத்தார். விளக்கைச் சொடுக்கினார். பெட்டி எழும்பி நின்று கேட்டது: இவர் மறைந்துவிட்டாரா?

சாரின் கை நின்றுவிட்டது.

அந்தக் கை நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தனசேகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், வேண்டாம் என்று தலையசைத்தேன். என் வாயில் தண்ணீர் இல்லை. இருந்தாலும் பேச முடியவில்லை.

சார் 'இல்லை' என்பதை அழுத்தினார். பெட்டி போயிற்று. சற்று உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி விளக்கைச் சொடுக்கினார். மறுபடி கேட்டது. மறுபடியும் 'இல்லை'. பிறகு 'பெயர்' பாணியை எடுத்துப் போட்டார். கலியமூர்த்தி அரக்கு நிறத்தில், பூவோடு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி நின்றார்.

"அடிச்சிடு தனசேகரு" என்று எழுந்தார்.

மறுநாள் வடக்கனந்தல் சுவர்களில் அப்படியேதான் ஒட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி என்று மேலே கறுப்பில், கீழே அவர் பெயர் அரக்கில். எங்கள் மென்பொருள் மறுபடியும் கெட்டுப்போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் துக்கத்துக்குப் போனபோது வாசலில் உட்கார்ந்திருந்த அஞ்சலை எதிர்ச் சுவரில் இருந்ததை உற்றுப் பார்த்தார். பிறகு சார் பக்கம் திரும்பினார்.

"இந்த தபாதான் அண்ணே ஒங்க மெசினு சரியா போட்டிருக்குது" என்றார்.

இதை எழுதி முடிப்பதற்குள் நந்தினி மறுபடியும் கூப்பிட்டுவிட்டாள். புதுப் பதிப்பு கிளம்புகிறதாம், அந்தப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றேன்.